வெர்னா வீட்டின் விலை

"மாவு எங்க பிசையிறே?" என்று கேட்டாள் பச்சேகோ.

சம்பளப் பிரிவின் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். இரவு வேலை முடிந்து, புருவமெல்லாம் மாவோடு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். புது முகவரியைச் சொல்லிவிட்டு, இனிமேல் என் சம்பளத்தில் மாநில வருமான வரியைப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். நான் இப்போது நியூ ஹாம்ப்ஷயர்க்காரன். அங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது. அதற்காகத்தான் வீடே மாறினேன்.

"இங்கதான் பிசையிறேன்," என்றேன்.

"அப்ப வரியும் இங்கதான். நீ எந்த ஊர்ல போய்ப் படுத்தா மாசசூசெட்ஸுக்கு என்ன வந்துச்சு?"

வரிசையில் பின்னால் நின்ற டோமினிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தூக்கத்துக்குத்தான் அந்த ஊர்ல வரி இல்லையாம்டா கில். போ, போய் நல்லாத் தூங்கு." கோடைக்காலம் முழுக்க பேக்கரியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இத்தனைக்கும் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே அவர்கள்தான். பேக்கரி இருக்கிற ஹேவரில் நகரத்தின் வடக்கு எல்லையிலிருந்து கொஞ்ச தூரம் வண்டியோட்டினால் மாநிலக் கோடு வந்துவிடும். சாலையில் ஒரு பலகை, அவ்வளவுதான். இடைவேளையில் காப்பியோடு உட்கார்ந்தால் எவனாவது ஒருவன், கோட்டைத் தாண்டிவிட்டால் போதும் என்று ஆரம்பிப்பான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவனும் தாண்டியதில்லை. நான் தாண்டினேன்.

கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவன் நான். கணக்கில் மோசமில்லை என்றுதான் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி ஜானெலிடம் சொன்னபோது அவள் மகள் கோராவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பை வாயில் கவ்வியபடியே என்னைப் பார்த்தாள். பிறகு சீப்பை எடுத்துவிட்டு, "வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி கேட்டியா, யாரையாவது?" என்றாள்.

"எல்லாரையும் கேட்டேன்."

"எல்லாரும்னா, மாவு பிசையறவங்க எல்லாரும்."

அதோடு விட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். ஒரு மாதத்தில் ஹேவரிலில் இருந்த பல் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் சேர்ந்தாள். அவளுடைய சம்பளத்துக்காவது வரி இல்லாமல் இருக்கட்டும் என்று. இங்கே சம்பளமே குறைவு. வரியில் மிச்சமானதை அது தின்றுவிட்டது. அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாங்கள் வாங்கிய வீடு டன்வுட் என்ற சின்ன ஊரில், குவாரி சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் மூன்றே வீடுகள். விற்பனைக்கு வந்த அன்று பார்க்க வந்தவர்களின் கார்கள் சாலையோரம் நீளமாக நின்றிருந்தன. எண் பலகையைப் பார்த்தால் பாதிக்கு மேல் மாசசூசெட்ஸ். சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்றான் தரகன். நாங்கள் காரிலேயே உட்கார்ந்து பேசினோம். இங்கே வீட்டு வரி அதிகம் என்பது தெரியும். வருமான வரி இல்லாததால் மாநிலம் நடப்பதே வீட்டு வரியில்தான் என்பதும் தெரியும். ஆனால் என் சம்பளத்தில் மாதாமாதம் மிச்சமாகப் போகிற தொகை ஒன்று என் தலைக்குள் இருந்தது. அதை அப்படியே வீட்டுக்குப் போடலாம் என்று தோன்றியது. பின் இருக்கையில் கோரா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட விலைக்கு மேல் முப்பதாயிரம் என்று நான்தான் தரகனிடம் சொன்னேன். ஜானெல் என் கையைப் பிடித்தாள். சந்தோஷத்தில் பிடித்தாளா, தடுக்கப் பிடித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

குடிவந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். கட்டை குட்டையான உடம்பு, ஆண்கள் போடும் ரப்பர் காலணி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வரவேற்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"உன் சாமான் லாரி என் புல்லு மேல நிக்குதுப்பா," என்றாள்.

அவள்தான் வெர்னா ஸ்டிக்னி. முப்பது வருடம் அந்த ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். கணவன் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் சாலையில் இறங்குகிற பாதை ஒன்றுதான். அது ஒரு வளைவில் போய்ச் சேர்கிறது. எதிரே ஒரு கம்பத்தில் உப்பிய வட்டக் கண்ணாடி ஒன்று கட்டியிருந்தது. ஓய்வுபெற்றபோது பேருந்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்ததாம். "அதப் பாக்காம வண்டிய எடுக்காத. கல்லு லாரிக்காரன் எவனும் வேகத்தக் குறைக்க மாட்டான்," என்றாள். பிறகு, இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்கிற மாதிரி நேராகவே கேட்டாள்: "எவ்வளவுக்கு வாங்கின?"

சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பலகைச் சுவர், சற்றே சாய்ந்த கொட்டகை, பின்னால் அடுக்கிய விறகு. "அடப்பாவி," என்றாள், மெதுவாக. எனக்காகப் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் ஊரின் வீடுகளை எல்லாம் மறுபடி மதிப்பிட்டார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை அப்படிச் செய்வார்கள். பக்கத்தில் எந்த வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து, அதை வைத்து மற்ற வீடுகளுக்கு மதிப்புப் போடுவார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஏறினால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, வரி வீதத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு சாலைக்கு மட்டும் அதிகமாக ஏறினால் அந்தச் சாலைக்காரன் தொலைந்தான். குவாரி சாலையில் அந்த வருடம் விற்ற வீடு ஒன்றுதான்.

டிசம்பரில் வரிச் சீட்டு வந்த அன்று வெர்னா எங்கள் சமையலறைக் கதவைத் தட்டினாள். காலணியில் பனியோடு உள்ளே வந்து மேசையருகே உட்கார்ந்தாள். நான் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தேன். ஜானெல் அவளுக்குக் காப்பி ஊற்றினாள்.

"உன் வீட்டுக்காரரோட முப்பதாயிரம் என் வீட்டுக் கூரையிலயும் ஏறி உக்காந்துக்கிச்சும்மா," என்றாள் ஜானெலிடம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"முதியவங்களுக்கு ஏதோ சலுகை உண்டுன்னாங்களே, வெர்னா?"

"உண்டு. என் புருஷன் பின்னால ஒரு காட்ட வாங்கிப் போட்டுட்டுப் போயிருக்கான் பாரு, அதால நான் பணக்காரியாம். பத்து ஏக்கர் சதுப்பு. கொசுதான் வெளையுது."

"அத வித்துடலாமே," என்றேன்.

"சதுப்ப யாரு வாங்குவா? உன்னை மாதிரி இன்னொருத்தன் வரணும்."

ஜானெல் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெர்னா சிரிக்கவில்லை. அவள் வருமானம் என்பது மாதாமாதம் அரசு அனுப்பும் முதியோர் பணம் மட்டும்தான். பேருந்து ஓட்டியதற்கு ஓய்வூதியம் கிடையாது. வீடு அவளுடையது, கடன் இல்லை. அந்த வீட்டில் குடியிருப்பதற்கு ஊருக்கு அவள் கொடுக்க வேண்டியது, நான் ஹேவரிலில் கொடுத்துவந்த வாடகையில் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"யோசிச்சுப் பாத்தேன்," என்றாள். "உனக்குச் சம்பளம் இருக்கு. சம்பளத்துல கை வைக்கிற ஊர்ல போய் வேலை பாக்கிற. எனக்குச் சம்பளம் இல்ல, வீடு இருக்கு. வீட்டுல கை வைக்கிற ஊர்ல உக்காந்திருக்கேன். ரெண்டு பேருமே தப்பான பக்கத்துல நிக்கிறோம்பா."

போகும்போது, பனி தள்ளியதற்கு இருபது டாலர் வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய பழைய டிரக்கின் முன்னால் பனி தள்ளும் தகடு இருந்தது. எங்கள் பாதையையும் அவள்தான் தள்ளுவாள். ஒவ்வொரு தடவைக்கும் காசு. அந்த டிசம்பருக்குப் பிறகும் அவள் காசை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் கொடுத்திருப்பேன்.

மார்ச் மாதம் ஊர்க் கூட்டம். டன்வுட் மாதிரி ஊர்களில் வரவு செலவை ஊர்க்காரர்களே கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாசலில் பெயரைச் சரிபார்த்து ஆளுக்கொரு ஆரஞ்சு அட்டை கொடுத்தார்கள். அதைத் தூக்கினால்தான் ஓட்டு. நான் வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். ஜானெல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பின்சுவரை ஒட்டி நீள மேசையில் பயறும் பன்றி இறைச்சியும் வேகவைத்த பெரிய பானை, ஆப்பிள் வைத்துத் தட்டகலத்துக்குச் சுட்ட பணியாரங்கள். மேசைக்குப் பின்னால் வெர்னா, ஏப்ரனோடு. ஏப்ரன் பையிலிருந்து அவளுடைய ஆரஞ்சு அட்டை எட்டிப் பார்த்தது.

எங்களுக்கு முக்கியமான தீர்மானம் ஒன்றுதான். கோராவுக்கு ஏழு வயது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஹேவரிலில் அவள் வகுப்பில் கூட்டம், யாரும் கவனிக்கவில்லை. இங்கே வந்த இரண்டாவது மாதத்தில் வாசிப்புக்கென்றே இருந்த ஒரு ஆசிரியை அவளைப் பிடித்துக்கொண்டாள். வாரத்தில் நான்கு நாள், தனியாக. கோரா இப்போது காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை விரலால் தடவித் தடவிப் படிக்கிறாள். அந்த ஆசிரியைக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் அந்த வருடத்தோடு தீர்கிறது. அவளை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஊர் தன் வரியிலிருந்து கொடுக்க வேண்டும்.

இடைவேளையில் நான் வெர்னாவின் மேசைக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே போனேன்.

"வெர்னா, அந்தத் தீர்மானம்..."

"மூஞ்ச ஏன் அப்படி வச்சிருக்க? நீ உன் பொண்ணுக்குத் தூக்கு. நான் என் வீட்டுக்குத் தூக்கறேன். பயறு வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"மூணு டாலர்."

தீர்மானத்தைப் படித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். மர அறுப்பு ஆலைக்காரர். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. "நான் யாரையும் பேரு சொல்லலைங்க," என்றார். "இந்தச் சமவெளிக்காரங்க வரிக்குப் பயந்து இங்க ஓடி வர்றாங்க. வந்து பெட்டியத் திறக்கறதுக்கு முன்னாடி வரிய ஏத்துங்கறாங்க." கூடம் சிரித்தது. தெற்கேயிருந்து வருகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், அங்கேயும் குன்றுகள் இருந்தாலும். ஜானெல் எழுந்து கோராவைப் பற்றிப் பேசினாள். தடுமாறினாள், ஆனால் பாதியில் உட்காரவில்லை. சிரித்தவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

ரகசிய ஓட்டு வேண்டும் என்று ஒரு சீட்டு போயிருந்தது. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, ஐந்து பேரும் கூடத்தில் இருந்தால் அது செல்லும். கூட்டத்தை நடத்தியவர் பெயர்களைக் கூப்பிட்டார். நான்கு பேர் எழுந்தார்கள். ஐந்தாமவன் டிரக்கைச் சூடாக்க வெளியே போயிருந்தான். யாரோ கதவைத் திறந்து கத்தினார்கள். பனிக்காற்றுதான் உள்ளே வந்தது. "செல்லாது. அட்டையத் தூக்குங்க," என்றார் அவர்.

எனக்கு ரகசியமாகப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற ஆசை இருந்தது. நடக்கவில்லை.

"வேணும்ங்கறவங்க."

நான் அட்டையைத் தூக்கினேன். எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக நடந்து எண்ணும்வரை கையைக் கீழே போடக்கூடாது. கை வலித்தது. இரவெல்லாம் மாவு தூக்கிய கை. நான் பின்னால் திரும்பவில்லை.

"வேணாம்ங்கறவங்க."

இப்போது திரும்பினேன். வெர்னா பானைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று அட்டையை நேராகப் பிடித்திருந்தாள். பேருந்தின் பக்கவாட்டில் நிறுத்தச் சொல்லும் பலகை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. மற்றொரு கையில் கரண்டி. என் பார்வையைச் சந்தித்தாள். கண்ணை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

தீர்மானம் பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஜானெல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாங்கள் வெளியே போகும்போது வெர்னா ஒரு காகிதத் தட்டில் பணியாரத் துண்டு ஒன்றை வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து நீட்டினாள். "பொண்ணுக்கு," என்றாள். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். "மூணு டாலர்தான? குடு," என்று வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் பாதையெல்லாம் சேறானபோது அவள் முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு விறகு வாங்கவில்லை. மே மாதம் வீட்டுக்கு முன்னால் விற்பனைப் பலகை நட்டார்கள். நான் வேலையிலிருந்து வந்து காரை நிறுத்தியபோது அவள் அந்தப் பலகையை நேராக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். தரகன் கோணலாக நட்டுவிட்டானாம்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"ஹேவரிலுக்கு. ஆத்தங்கரையில வயசானவங்களுக்குன்னு அடுக்குமாடி இருக்காம். எனக்கு எட்டுற வாடகைதான். அங்க வருமானத்துலதான் கை வைப்பாங்க, இல்லையா? வைக்கட்டும். என் பையில என்ன இருக்கு?" பலகையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். "நீ வேண்டாம்னு விட்டுட்டு வந்த ஊரு. உன் பேக்கரி வாசனை அங்க வருமாமே?"

"தெக்குக் காத்து அடிச்சா வரும்."

"நல்லது."

நான் போகாமல் நின்றேன். அவளுக்கும் அது தெரிந்தது.

"கேளு கில். இந்த வீடு எவ்வளவு ஜாஸ்திக்குப் போகுதோ அவ்வளவு நாள் நான் யார்கிட்டயும் கை நீட்டாம இருப்பேன். எவ்வளவு ஜாஸ்திக்குப் போகுதோ அவ்வளவு உன் வீட்டு மதிப்பும் ஏறும். அடுத்த தடவை மதிப்புப் போட வரும்போது உனக்குப் புரியும், எனக்கு எப்படி இருந்துச்சுன்னு." அவள் குரலில் பழி இல்லை. பேருந்தில் பிள்ளைகளிடம் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "பாக்க வர்றவங்க உன்கிட்டதான் கேப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேக்காம எவனும் வாங்க மாட்டான். என்ன சொல்லுவியோ, அது உன் பாடு."

அதை நான் ஜானெலிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை ஏறினா நம்மால தாங்க முடியாது," என்றாள். பிறகு, "அவங்களாலயும் முடியலைதான?" என்றாள்.

சனிக்கிழமை ஆட்கள் பார்க்க வந்தார்கள். வீட்டுக்காரர் இருந்தால் விலை ஏறாது என்று தரகன் சொல்லியிருந்ததால் வெர்னா எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கோரா பக்கத்து நாற்காலியில் ஏறி ஒரு புத்தகத்தை எடுத்து வைத்து அவளுக்குப் படித்துக் காட்டினாள். அந்த நான்கு பேர் உட்காரும் மேசையில் எனக்கு இடம் இருந்தும் அங்கே இருக்க முடியவில்லை. குப்பைத்தொட்டியை எடுத்து வைக்கிற சாக்கில் சாலைக்குப் போனேன்.

மாசசூசெட்ஸ் எண்ணோடு ஒரு நீலக் கார் பாதையில் நின்றிருந்தது. இளம் தம்பதி. அந்தப் பெண் வெர்னாவின் கொட்டகையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த களை எனக்குத் தெரிந்ததுதான். போன வருடம் இதே பாதையில் ஜானெல் அதோடு நின்றிருந்தாள். ஆள் என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ஏங்க, நீங்க பக்கத்து வீடா? ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இங்க வருமான வரி கிடையாதுதான?"

"கிடையாது."

அவன் மனைவியின் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினான். "வீட்டு வரி கொஞ்சம் கூடன்னாங்க. ஆனா மாசாமாசம் சம்பளத்துல மிச்சமாகுதே, அதுல சரியாப் போயிடும்ல? சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். கொஞ்சம் மேல போட்டுக் கேக்கலாம்னு இருக்கோம்."

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"லோவெல்ல, மாசசூசெட்ஸ் பக்கம்தான். மருத்துவமனையில. ராத்திரி வேலை."

எங்கள் சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. கோராவின் குரல் கேட்டது. ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். முதல் எழுத்தைச் சொல்லி, நிறுத்தி, மறுபடி சொன்னாள். வெர்னா எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். அவன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவு எங்கே பிசைகிறாய் என்று பச்சேகோ என்னைக் கேட்ட கேள்வி என் வாயில் தயாராக இருந்தது. அதைக் கேட்டால் அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"ஏங்க, ஏதாவது பிரச்சினையா?" என்றான்.

"வண்டியப் பின்னால எடுக்கும்போது அந்தக் கண்ணாடியப் பாத்து எடுங்க," என்றேன். "வளைவுல வர்றது இங்கருந்து தெரியாது."

அவன் திரும்பி நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். வெர்னாவின் பேருந்துக் கண்ணாடியில் அவள் வீடும் என் வீடும் ஓரத்தில் வளைந்து, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. நடுவில் நீலக் கார். அதற்கு முன்னால் தொப்பியோடும் குப்பைத்தொட்டியோடும் இரண்டு பேர், யார் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னதாக. சன்னலுக்குள் கோரா அந்தச் சொல்லை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.